கைவேலை அழகு, கணக்கு எங்கே? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கைவேலை வழியாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கும் பினாங்கு ஆசிரியைகளுக்கும், வீட்டில் சாப்பாட்டு மேசையைப் பாழாக்கிக்கொள்ளத் துணிந்த பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். வெட்டி ஒட்டினால் கணக்கு வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வராமல் போனால் எங்கே பார்ப்பது என்று சொல்பவர்கள் குறைவு. அதனால் பாடவரிசையை விட்டுவிட்டு, கண்ணில் படும் கோளாறிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். முதல் அறிகுறியை மட்டும் யாரும் தாண்டிவிட வேண்டாம். மற்றவற்றில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

வேலை அழகாக இருக்கிறது, கணக்கைத்தான் காணோம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் எந்தப் பாலர் பள்ளிச் சுவரையும் பாருங்கள். இருபது மயில் இருக்கும், இருபதும் ஒரே மயிலாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து இறகு, அதே பச்சை, அதே நீலம். எத்தனை இறகு என்று முடிவு செய்தது யார்? டீச்சர். எங்கே ஒட்டுவது? டீச்சர் பென்சிலில் புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்து எந்த நிறம்? பலகையில் மாதிரி தொங்குகிறது. கணக்கு முழுக்க அந்த மூன்று கேள்விக்குள்தான் இருந்தது. மூன்றையும் பெரியவரே செய்துவிட்டதால் பிள்ளைக்குக் கம் தடவும் வேலை மட்டும் மிஞ்சியது.

சோதித்துப் பார்ப்பது எளிது. முடிந்த வேலையைக் கையில் எடுத்து, "இதை வேறொரு பிள்ளை செய்திருந்தால் எது மாறியிருக்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடு தாண்டிய வண்ணம் மட்டும்தான் மாறும் என்றால், நடந்தது வண்ணம் தீட்டும் பயிற்சி. அதுவும் நல்லதுதான், விரலுக்குப் பலம் வரும். கணக்கு என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்க வேண்டாம்.

மயிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரே ஒரு முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். பகடையை உருட்டட்டும். நாலு விழுந்தால் நாலு இறகு, ஆறு விழுந்தால் ஆறு. சுவரில் மயில்கள் இனி ஒன்றுபோல் இருக்காது. "உன் மயிலுக்கு ஏன் ரெண்டு இறகுதான்?" என்று பக்கத்துப் பிள்ளை கேட்கும். அந்தப் பேச்சில் கூடுதல், குறைவு, சமம் மூன்றும் தானாக வந்துவிடும். ஒரே நாளில் மூன்று முடிவையும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் சுதந்திர ஓவியமாகிவிடும். அது தனி இன்பம், ஆனால் நீங்கள் கவனிக்க நினைத்த கணக்கு அதில் மறைந்துபோகும்.

கீழே வரும் ஒவ்வொரு கோளாறிலும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: இன்றைய முடிவு யார் கையில் இருந்தது?

வாய் எட்டுக்குப் போய்விட்டது, விரல் ஐந்தில் நிற்கிறது

அட்டையில் புள்ளி வண்டு வரைந்து, முதுகில் பெருவிரலால் புள்ளி வைத்து எண்ணச் சொல்கிறோம். வாய் பாட்டுப் பாடுவதுபோல் ஓடுகிறது, விரல் பின்னால் இழுபடுகிறது. சில பிள்ளைகளுக்குத் தலைகீழ்: விரல் முந்திவிடும், வாய் தடுமாறும். இன்னும் சிலர் ஒரு புள்ளியை இரண்டு முறை தொட்டுவிட்டு, பக்கத்துப் புள்ளியைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

எண்ணுவது ஒற்றைத் திறமை இல்லை. ரோச்சல் கெல்மன், சார்ல்ஸ் கேலிஸ்டல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் அதை ஐந்து விதிகளாகப் பிரித்தார்கள். எண்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்வது, ஒரு பொருளுக்கு ஒரே எண் கொடுப்பது, கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று அறிவது, எந்தப் பொருளையும் எண்ணலாம் என்று அறிவது, எங்கிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது என்று அறிவது. இங்கே அறுந்திருப்பது இரண்டாவது. "ஒன்னு முதல் நூறு வரை சொல்லுவான் டீச்சர்" என்று அம்மா பெருமையாகச் சொல்வது முதல் விதியை மட்டும். இரண்டும் வேறு வேறு என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

சரிசெய்ய, கையின் வேகத்தைக் குறைக்கும் பொருளாகத் தேர்ந்தெடுங்கள். பெருவிரல் வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். பிளாஸ்டிசின் களிமண்ணில் சட்டைப் பொத்தானை அழுத்தச் சொன்னால் அது எளிதில் இறங்காது. பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஊன்றி அழுத்த வேண்டியிருக்கும், அதுவரை வாய் காத்திருக்கத்தான் வேண்டும். பொத்தான் உள்ளே போனதும் "மூனு" என்று வரும். எண்ணும் செயலும் அங்கே ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. கமில் ஒட்டுவதும் ஓரளவு இதே வேலையைச் செய்யும். ஸ்டிக்கர் செய்யாது, அது சட்டென்று ஒட்டிவிடுகிறது.

அடுக்கும் விதத்தையும் பாருங்கள். ஒரே நேர்வரிசை எளிது. இரண்டு வரிசை அதற்கு மேல். சிதறிக் கிடப்பது கடினம். வட்டம்தான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் எங்கே தொடங்கினோம் என்ற தடயமே இருக்காது. நாமோ முதல் நாளே பூ வரைந்து இதழ்களைச் சுற்றி ஒட்டி எண்ணச் சொல்கிறோம்! பூ வேண்டுமென்றால் ஓர் இதழை மட்டும் வேறு நிறத்தில் கொடுத்து, "இதிலிருந்து புறப்படு" என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். பிள்ளையின் விரலைப் பிடித்து நகர்த்தினால் எண்ணுவது நீங்கள்தான்.

"எத்தனை?" என்று கேட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது

ஐந்து பொத்தானையும் பிசகாமல் எண்ணிவிட்டது. "ஆக, எத்தனை?" என்றால் "ஒன்னு, ரெண்டு..." என்று திரும்பவும் ஆரம்பம். பிடிவாதம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கடைசி எண் முழுக் கூட்டத்துக்கும் பெயர் என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை. "எத்தனை?" என்ற கேள்வி அதன் காதில் "எண்ணு" என்ற கட்டளையாகத்தான் விழுகிறது.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எண்ணச் சொல்லாமல் எடுத்துவரச் சொல்லுங்கள். வகுப்பில் இரண்டு மேசை போடுவேன். ஒன்றில் ஒட்டும் வேலை நடக்கும், அறையின் மறுகோடியில் இருக்கும் மேசையில் ஐஸ்கிரீம் குச்சிகள் இருக்கும். "உன் பூனைக்குக் கால் வேண்டும். போய் எடுத்துவா. ஒரே தடவைதான் போகலாம்." பூனைக்கு நாலு, எறும்புக்கு ஆறு, எட்டுக்கால் பூச்சிக்கு எட்டு. எண்ணிக்கைக்குக் காரணம் விலங்கிடமே இருப்பதால் "ஏன் ஆறு?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தூரம்தான் இங்கே முக்கியம். குச்சி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டி, இடம் நிரம்பியதும் நிறுத்திவிடுவார்கள். அறையைக் கடந்து போக வேண்டுமென்றால் "நாலு" என்பதை மனதில் சுமந்துகொண்டு போயாக வேண்டும்.

இப்போது கவனியுங்கள். ஒரு பிள்ளை இரண்டு கேட்டால் இரண்டு கொண்டுவரும். மூன்று கேட்டாலும் நாலு கேட்டாலும் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வரும். கேரன் வின் 1990இல் இதே மாதிரி எண்ணிக்கை சொல்லிக் கேட்கும் சோதனையில் பிள்ளைகளை ஆராய்ந்தார். முதலில் ஒன்றின் பொருள் விளங்குகிறது, பல மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அந்தப் படியைத் தாண்டியதும் மீதி எண்கள் மொத்தமாக வசப்படுகின்றன. ஆகவே இரண்டு தெரிந்த பிள்ளைக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய அடுத்த வேலை மூன்று. பத்து இல்லை. மூன்று கால் முக்காலி, மூன்று கண் அரக்கன், மூன்று சக்கர வண்டி என்று மூன்றிலேயே இருங்கள். சலிப்பு வருவது நமக்குத்தான், அவர்களுக்கு வராது.

பூனைக்கு மூன்று காலோடு திரும்பி வந்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டாம். ஒட்டட்டும். பூனை ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதை அதுவே பார்க்கும். "இன்னொன்னு வேணும்" என்று ஓடினால், கூட்டல் தொடங்கிவிட்டது.

கூடவே ஒரு சின்னப் பழக்கம். மூன்று நான்கு பொருள் வரை மனிதக் கண் எண்ணாமலேயே கண்டுகொள்ளும். அட்டையில் புள்ளி வைத்து ஒரு நொடி காட்டிக் கையால் மூடுங்கள். "என்ன பார்த்தே? அதே மாதிரி வரை." எண்ணைக் கேட்காமல் படத்தைக் கேட்பதால் பயந்த பிள்ளையும் வரைந்துவிடும்.

பரப்பி வைத்தால் "கூடிப் போச்சு" என்கிறது

ஐந்து மணியை நெருக்கி வைத்தால் குறைவு, இடைவெளி விட்டு வைத்தால் அதிகம். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதை வைத்தே பெயர் பெற்றவர். ஆறு, ஏழு வயதை ஒட்டிப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தானே தெளிகிறது. ஐந்து வயதில் வாதாடிப் பயனில்லை. ஒரே கயிற்றில் மணிகளை நெருக்கியும் விலக்கியும் விளையாட விடுங்கள், அது போதும்.

தோரணி மூன்றாவது சுற்றில் உடைந்துவிடுகிறது

தோரணி என்றால் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும் அடுக்கு. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்த மாலையில் திடீரென்று நான்கு மஞ்சள். இதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. எது என்று கண்டுபிடிக்காமல் மருந்து கொடுக்க முடியாது.

முதலில் பெட்டியைப் பாருங்கள். சிவப்பு தீர்ந்து போயிருக்கலாம். சிரிக்காதீர்கள், இதுதான் அடிக்கடி நடப்பது. பிள்ளை வாய் திறந்து "சிவப்பு இல்ல" என்று சொல்லாது, இருப்பதைக் கோத்துவிடும். தேவையைவிட நான்கைந்து அதிகமாகவே வையுங்கள்.

பெட்டியில் சிவப்பு இருந்தும் உடைகிறதென்றால், செய்ததை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள், மஞ்சள்..." என்று படிக்கும்போதே சில பிள்ளைகள் நிறுத்தி, "ஐயோ" என்று கழற்றத் தொடங்கும். அவர்களுக்குத் தோரணி தெரியும், கவனம்தான் நழுவியது. படித்துவிட்டும் ஒன்றும் உறுத்தவில்லை என்றால் அங்கேதான் வேலை இருக்கிறது. அந்தப் பிள்ளை பார்த்தது நிறங்களை. இரண்டும் சேர்ந்து ஒரு துண்டு, அந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்பது அதன் கண்ணில் படவில்லை.

துண்டைக் கையில் பிடிக்கும் பொருளாக்குங்கள். சிவப்பு மணியும் மஞ்சள் மணியும் சேர்ந்த ஜோடியை ஒரு சின்ன முட்டை அட்டைக் குழியில் போட்டு வையுங்கள். ஒரு குழி, ஒரு ஜோடி. குழியைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்த குழிக்குப் போகலாம். மூன்று நான்கு குழிக்குப் பிறகு குழிகளை எடுத்துவிட்டு மணிகளைக் கலந்து கொடுங்கள்.

கண்ணுக்குப் பழக்கப்படுத்தப் பினாங்கின் ஜார்ஜ்டவுனைவிட வசதியான ஊர் கிடையாது. குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் பக்கம் போனால் பூக்கடையில் மாலை கட்டுவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். எத்தனை மஞ்சளுக்குப் பிறகு சிவப்பு வருகிறது என்று பிள்ளை எண்ணிச் சொல்லட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று குவே லாப்பிஸ். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி அடுக்கிய அந்தப் பலகாரத்தை எந்தப் பிள்ளையும் கடித்துச் சாப்பிடுவதில்லை. மேலிருந்து ஒவ்வொரு படலமாக நகத்தால் கிளப்பி, ஆகாயத்தைப் பார்த்து வாயில் தொங்கவிடும். கிளப்புவதற்கு முன் "அடுத்து என்ன நிறம்?" என்று கேட்டுவிடுங்கள். விடை உடனே தெரிந்துவிடும், உடனே தின்றும்விடும். மறுநாள் அதே அடுக்கை வண்ணத்தாள் கீற்றால் ஒட்டச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு வகை உடைப்பு உண்டு. அதில் தவறே இல்லை. மாலையை வட்டமாக முடிச்சுப் போட்டதும் இரண்டு சிவப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். பதினொரு மணி கோத்திருக்கிறார்கள், அதனால். இதைச் சரிசெய்துவிடாமல் "இங்க என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். ஒன்றைக் கழற்றலாம், ஒன்றைச் சேர்க்கலாம், இரண்டுமே சரியாக வரும். ஒற்றை, இரட்டை என்ற சொற்களைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

தலைகீழாக வைத்தால் அது முக்கோணம் இல்லையாம்

"டீச்சர், இது முக்கோணம் இல்ல, கவுந்து போச்சு." சதுரத்தை ஒரு முனையில் நிறுத்தினால் "பட்டம்" என்பார்கள். நெட்டையாக ஒல்லியாக ஒரு முக்கோணம் வரைந்தால் அது "கத்தி". நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீல தம்பதியர் 1957இல் வடிவ அறிவைப் படிநிலைகளாகப் பிரித்தபோது முதல் படியாக வைத்தது இதைத்தான்: வடிவத்தை அதன் மொத்தத் தோற்றத்தால் அடையாளம் காண்பது. பக்கம் எத்தனை, முனை எத்தனை என்பது அடுத்த படி.

குற்றம் பெரும்பாலும் நம் சுவர்ப்படத்தில் இருக்கிறது. எல்லாச் சுவரிலும் முக்கோணம் கூரை மாதிரி அடி தட்டையாக, மூன்று பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கும். பிள்ளை வேறு முக்கோணத்தைப் பார்த்ததே கிடையாது.

இதற்கு எனக்குப் பிடித்த மருந்து, தரைக்கல். ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமானது. அங்கே பழைய கடைவீடுகளின் ஐந்தடியில், அதாவது கடைக்கு முன்னால் கூரைக்குக் கீழே இருக்கும் நடைபாதையில், பதித்த பூக்கற்களைக் குனிந்து பாருங்கள். பல கற்களில் ஒரு மூலையில் கால்வாசிப் பூ மட்டும் இருக்கும். நான்கு கல்லைத் திருப்பித் திருப்பிப் பதித்தால்தான் முழுப்பூ. வகுப்பில் அவ்வளவு வேலைப்பாடு வேண்டாம். உள்ளங்கை அளவில் சதுர அட்டை வெட்டுங்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு ஒரு பாதிக்குக் கருநீலம் தீட்டுங்கள், மறுபாதியை வெள்ளையாக விடுங்கள். சதுரத்தில் இப்போது இரண்டு முக்கோணம். பிள்ளைக்கு நான்கு அட்டை கொடுத்துத் திருப்பி அடுக்க விடுங்கள். கருநீலத்தின் கூர்முனைகள் நடுவில் கூடினால் காற்றாடி வரும். வெள்ளையின் அகன்ற மூலைகள் நடுவில் கூடினால், முனையில் நிற்கும் ஒரு பெரிய வெள்ளைச் சதுரம், அவர்கள் சொல்லும் அதே பட்டம். அந்த அடுக்கை அரைக்கால் வட்டம் திருப்பினால் அதுவும் சாதாரணச் சதுரமே. அது அவர்கள் கையிலேயே நடப்பதால் நாம் வாதாட வேண்டியதில்லை.

செபஸ்தியான் துருஷே என்ற பிரெஞ்சுத் துறவி 1704இலேயே இந்த இருநிறக் கல்லின் அடுக்குகளை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஓர் அட்டையை நான்கு விதமாக வைக்கலாம். நான்கு அட்டைக்கு 256 அமைப்பு வரும். பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஆனால் "வேற மாதிரி வருமா?" என்று நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் "வரும்" என்ற பதிலே கிடைக்கும்.

மிஞ்சிய அட்டைத் துண்டுகளைக் கோடு வழியே வெட்டிப் பெட்டியில் போடுங்கள். நெட்டை, குட்டை, கோணல் என்று எல்லா முக்கோணமும், கூடவே சில சதுரமும் அதில் கலந்திருக்கட்டும். "மூனு முனை இருக்கிறது மட்டும் எடு" என்று கண்ணை மூடித் தடவ விடுங்கள். கண்ணுக்குக் கத்தியாகத் தெரிந்தது விரலுக்கு மூன்று முனையாகத் தெரியும்.

வண்ணத்துப்பூச்சி சேறாகிறது, அல்லது மறுபாதி திரும்பவில்லை

முதலில் சேறு. தாளை மடித்து அழுத்தும் வண்ணத்துப்பூச்சியில் எல்லா நிறமும் கலந்து பழுப்பாக வந்தால், வண்ணம் நீர்த்துப் போயிருக்கிறது அல்லது அளவுக்கு மீறி இருக்கிறது. போஸ்டர் கலரை அப்படியே எடுத்து, பட்டாணி அளவில், ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். தாளை முன்கூட்டியே ஒரு முறை மடித்து விரித்திருக்க வேண்டும். மூடிய பின் மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் ஒரே தள்ளு. முன்னும் பின்னும் தேய்த்தால் சேறுதான்.

இப்போது முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போய் யோசியுங்கள். இங்கே சமச்சீரை உண்டாக்கியது தாள். பிள்ளை வியந்து பார்த்தது, அவ்வளவுதான். முடிவை அதன் கைக்குக் கொண்டுவர, மூடுவதற்கு முன் ஒரு கேள்வி போதும்: "இந்தச் சிவப்பு அந்தப் பக்கம் எங்க விழும்? விரல வை." விரல் வைத்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு மடியுங்கள். விரித்ததும் வண்ணமும் குறியும் பக்கத்தில் இருக்கின்றனவா, தூரத்தில் இருக்கின்றனவா என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது தாளில் விரல் இன்னும் நெருங்கும்.

மறுபாதி திரும்பாத கோளாறு வேறு. நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் கோட்டை ஒட்டிச் சிவப்புப் பொத்தானும் அதற்கு வெளியே நீலமும் வைக்கிறோம். வலப்பக்கத்தைப் பிள்ளை நிரப்பும்போது இடமிருந்து வலமாகப் படிப்பதுபோல் நீலம், சிவப்பு என்றே வைக்கிறது. கோட்டை ஒட்டி நீலம் வந்துவிடுகிறது. படத்தை நகர்த்தி வைக்கிறது, திருப்பி வைக்கவில்லை. "கண்ணாடி மாதிரி" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. இரண்டு கையையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் ஒரே நிறம். கோட்டில் இரண்டு கையும் சந்திக்கட்டும், அங்கிருந்து ஒரே நேரத்தில் விலகி, ஒரே நேரத்தில் வைக்கட்டும். உடம்பே சமச்சீராக இருப்பதால் கை தவறுவதில்லை.

கோலப்புள்ளி ஊர்வலம் போகிறது

சுண்ணக்கட்டியால் மூன்றுக்கு மூன்று புள்ளி வைக்கச் சொன்னால் நான்காவது வரிசை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். சம இடைவெளி விடுவது ஐந்து வயதுக் கைக்குப் பெரிய வேலை. கோடு இழுப்பது அதைவிடப் பெரியது. இரண்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.

முப்பது முட்டை வாங்கினால் வரும் அட்டையில் ஐந்துக்கு ஆறு குழி இருக்கும். அதிலிருந்து மூன்றுக்கு மூன்று வெட்டி, குழியின் அடிப்பக்கத்தை வண்ணத்தில் தொட்டுத் தாளில் அழுத்துங்கள். ஒன்பது புள்ளி நேராக விழும். இப்போது பிள்ளையிடம் மிஞ்சியிருப்பது கோடு மட்டும். எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்பது அதன் முடிவு. நான்கு முனையை இணைத்தால் பெரிய சதுரம். நான்கு பக்கத்தின் நடுப்புள்ளிகளை இணைத்தால், மறுபடியும் அந்தப் பட்டம்.

இதில் தேறியவர்களுக்கு 1, 3, 5, 3, 1 என்ற நேர்ப்புள்ளி. ஒவ்வொரு வரிசையையும் எண்ணிச் சொல்லிக்கொண்டே வைக்கட்டும். ஏறி இறங்குவதை அவர்களே கவனிப்பார்கள். மொத்தம் 13. அடுத்து ஊடுபுள்ளி மூன்றிலிருந்து இரண்டு: நடுவில் மூன்று, மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் ஏழு. மேல் வரிசைப் புள்ளி கீழ் வரிசையின் இடைவெளிக்கு நேராக உட்கார வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்ளச் சிலருக்கு வாரக்கணக்காகும். சிக்குக் கோலம் இந்த வயதுக்கு வேண்டாம். பாட்டி போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சில்லறைக் கோளாறுகள்

3ஐயும் 7ஐயும் திருப்பிப் போட்டு எழுதுகிறது: இந்த வயதில் சகஜம். மணலில், மாவில் பெரிதாக எழுத விடுங்கள். சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம்.

"ஒன்னு, ரெண்டு, த்ரீ, அம்பாட்" என்று தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றையும் கலந்து எண்ணுகிறது: நம் ஊரில் எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒரு வேலைக்கு ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி கோப்பது தமிழில் என்றால் முடிச்சுப் போடும் வரை தமிழ்.

கமைத் தொட மாட்டேன் என்று அழுகிறது: பழைய பிரஷைக் கொடுங்கள், ஈரத்துணியைப் பக்கத்தில் வையுங்கள்.

முதலாம் ஆண்டுக்குப் போகப் போகிற பிள்ளை, பல மாதம் பழகிய பிறகும், மூன்று பொருள் கேட்டால் எடுத்துத் தர முடியாமல் இருந்தால், அல்லது தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தால், முதலில் கண்ணையும் காதையும் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். கைவேலையை மாற்றிப் பார்ப்பது பிறகு.

பொருளால் வரும் கோளாறு

வண்ண அரிசி பூசணம் பிடிக்கிறது: பினாங்குக் காற்றின் ஈரப்பதம் அப்படி. ஒரு கப் அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினிகரும் சில துளி உணவு வண்ணமும் போதும். தண்ணீர் சேர்க்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் குலுக்கி, தட்டில் மெல்லப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழ் முழுக்கக் காய்ந்த பிறகே டப்பாவில் அடையுங்கள். எறும்பு வரும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். குலுக்குவதற்கு முன் "இந்த டப்பா நிறைய எத்தனை கப் வேணும்?" என்று ஊகிக்கச் சொன்னால் கொள்ளளவும் ஆயிற்று.

பூங்காவில் பொறுக்கிவரும் சாகா மரத்து விதை எண்ணுவதற்கு அருமையான பொருள். முழுச் சிவப்பாக இருக்கும். கருப்புப் புள்ளி உள்ள குன்றிமணி அதில் கலந்திருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். அதை உடைத்தோ மென்றோ விழுங்கினால் கடும் நஞ்சு. எந்த விதையானாலும் வாயில் போடும் பழக்கமுள்ள பிள்ளைக்கு வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை அருகில் தவழ்ந்தாலும் வேண்டாம். அதற்குப் பதில் மலிவு விலைக் கடையில் பெரிய பொத்தானாகப் பார்த்து வாங்குங்கள்.

"விளையாடிட்டு வந்திருக்கான், ஒன்னும் படிக்கல" என்று வீட்டில் சொல்கிறார்கள்

இதுவும் அறிகுறிதான், ஆனால் பிள்ளையிடம் இல்லை. வீட்டுக்குப் போனது சாய்ந்த பூனை ஒன்று. அதன் கால்களுக்குப் பின்னால் இருந்த யோசனை வகுப்பிலேயே தங்கிவிட்டது. வேலையின் பின்பக்கம் தேதியையும், செய்யும்போது பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தையும் பென்சிலால் எழுதி அனுப்புங்கள். "அஞ்சு இதழ் வெச்சேன், ஒன்னு கீழ விழுந்துச்சு, இப்ப நாலுதான்." அதைப் படிக்கும் அம்மாவுக்குக் கழித்தல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'நன்று', நட்சத்திரம், சிரிக்கும் முகம் எதுவும் அந்த ஒரு வரியின் வேலையைச் செய்யாது.

"வீட்டில் என்ன செய்யட்டும்?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பயிற்சித்தாள் கொடுத்து அனுப்பாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இன்று இரவு வேலை, பாட்டி வந்திருக்கிறார், மாமா வந்தாலும் வருவார். எத்தனை தட்டு என்று அது சமையலறையிலேயே முடிவு செய்து, ஒரே நடையில் கொண்டுவர வேண்டும். ஒன்று குறைந்தால் யாரும் எழுந்து போய் எடுத்துவரக் கூடாது.